நடை, ஜிம், சாப்பாடு: மனச விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க

கொட்டகலைக்காரி

நானே ஆரம்பிக்கிறேன். போன மாசம் அம்மாவ கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு போனேன், அந்த ஹெல்த்தி லைஃப்ஸ்டைல் சென்டர் இருக்கில்ல, காசு இல்லாம சீனி, பிரஷர், நிறை எல்லாம் பாப்பாங்களே, அங்க தான். எங்களுக்கு முன்னாடி ஒரு அக்கா, தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவங்க, அரைநாள் வேலையோட அரைப்பேருக்கு வந்துட்டாங்க போல, விரல் எல்லாம் கறை. நர்ஸ் மிஸி இடுப்ப அளந்துட்டு எக்சசைஸ் ஏதும் செய்றீங்களானு கேட்டதும் அக்காவுக்கு சுர்ருனு வந்துருச்சு. "விடிஞ்சதுல இருந்து கூடையோட மலை ஏறி இறங்குறேன், இன்னும் என்னா எக்சசைஸ் மிஸி?"

மிஸி வாதாடல. "சரி அக்கா, ஒரு நாளைக்கு எத்தன டீ, ஒவ்வொண்ணுக்கும் எத்தன கரண்டி சீனி?" அக்கா விரல் மடிக்க ஆரம்பிச்சாங்க. எழும்பினதும் ஒண்ணு, காலைல வேலைக்கு பேர் குடுக்கிற பிரட்டுக்கு முன்ன ஒண்ணு, மலையில ஒண்ணு, சாப்பாட்டுக்கு வந்து ஒண்ணு, கொழுந்து நிறுத்துட்டு ஒண்ணு... ஒரு கை முடிஞ்சு அடுத்த கைக்கு போச்சு. அப்புறம் கரண்டிய எண்ணப் போனா ரெண்டு கையும் பத்தல. அந்த கறை புடிச்ச விரல பாதி மடிச்சபடியே நிறுத்திட்டு மிஸிய பாத்தாங்க பாருங்க, அது தான் எனக்கு போகவே மாட்டேங்குது.

ஒரு தேக்கரண்டி சீனி 4, 5 கிராம் வரும். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுனு உலக சுகாதார அமைப்பு சொல்லுது, நீங்களே கணக்கு போட்டுக்கங்க. மிஸி சொன்னது இவ்வளவு தான்: "எல்லா டீலயும் அரைக் கரண்டி குறைங்க. அடுத்த கிளினிக் வரைக்கும் அது மட்டும் போதும், ரொட்டிய பத்தி அப்ப பேசுவோம்." எங்க அம்மாவுக்கு வேற ஒரு எடத்துல குடுத்த தாள்ல ஓட்ஸ், ஒலிவ் எண்ணெய், சாலட்னு இருக்கு. தோட்டத்து லயத்து வீட்டுல யாருங்க ஒலிவ் எண்ணெய் வாங்குறது? அந்த தாள் இப்பவும் சாமி படத்துக்கு பின்னாடி தான் சொருகி இருக்கு.

ஹட்டன் மச்சான்

அக்கா சொன்ன மிஸி மாதிரி ஒரு ஆள் டவுன்ல ஜிம் நடத்தினா எவ்வளவு நல்லா இருக்கும். என் கூட்டாளி ஒருத்தன், கொழும்புல கடையில நின்னுட்டு வந்தவன், சித்திரைல தங்கச்சி கல்யாணம், அதுக்குள்ள உடம்ப ஏத்தணும்னு ஒரு ஜிம்ல சேந்தான், எந்த ஜிம்னு சொல்ல மாட்டேன். மொத நாளே அவனுக்கு ஸ்குவாட் போட்டு போட்டு, நிறுத்துறேன்னு சொன்னாலும் விடல, "வலிச்சா தான் வளரும்"னு சொல்லி இன்னும் போட வச்சிருக்காங்க. சரியா சாப்பிடவும் இல்ல, தண்ணியும் குடிக்கல. அடுத்த நாள் மாடிப்படி இறங்க முடியலனான், நாங்களும் சாதாரண வலினு விட்டுட்டோம். அதுக்கு அடுத்த ராத்திரி கோல் எடுக்கிறான், கொரல் நடுங்குது, "மச்சான் மூத்திரம் கோலா கலர்ல போகுதுடா."

ஓட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனோம். டொக்டர் பாத்தவுடனே சொன்னாரு, தசை அளவுக்கு மீறி அடி வாங்கி உடைஞ்சு அந்த கழிவு ரத்தத்துல கலந்து கிட்னிக்கு போயிருக்கு, ரப்டோமயோலிசிஸ்னு பேரு, லேட்டாகி வந்திருந்தா கிட்னி போயிருக்கும்னு. சேலைன் ஏத்தி ஏத்தி தான் தேறினான். இப்ப அவன் ஜிம் இருக்கிற ரோட்டுக்கே போறதில்ல. எனக்கு கவலை அது தான், உடம்புக்கு நல்லது செய்யணும்னு அவனுக்கு ஆசை இருந்துச்சுங்க, அந்த ஆசைய ஒரே நாள்ல கொன்னுட்டாங்க.

மஸ்கெலியா மாமா

தம்பி, தசை வலினா எனக்கு ஞாபகம் வர்றது சிவனொளிபாதமலை தான். நல்லதண்ணி பக்கமா ஒரு தடவ இறங்கி வர்றேன், அந்த வெள்ளைத் தூபிக்கு மேல, விடிஞ்சு வெயில் வந்துருச்சு. வாலிபப் பயலுக எல்லாம் படியில உக்காந்து முழங்கால புடிச்சுட்டு இருக்கானுக. ராத்திரி எங்களயெல்லாம் தாண்டி ஓடி ஏறினவனுக தான். அந்த நேரம் ஒரு பெரியவர், எழுபதுக்கு மேல இருக்கும், கம்ப ஊனி, கொஞ்சம் பக்கவாட்டா திரும்பி, ஒவ்வொரு படியா கால வச்சு, நிக்காம இறங்குறாரு. நான் கூடவே நடந்து எப்படி ஐயானு கேட்டேன். "ஏறுறது நெஞ்சு வேலை, இறங்குறது தொடை வேலை. எல்லாரும் நெஞ்ச மட்டும் பாத்துட்டு வர்றாங்க."

தீவாளி முடிஞ்சதும் பழகத் தொடங்கிடுவாராம். மார்கழி பௌர்ணமி போயாவுக்கு மலை சீசன் தொறக்குது, வெசாக்கோட முடியுது, அவர் போறது தை மாசம். அதுவரைக்கும் அவங்க தோட்டத்து ஸ்கூல் படில சாயங்காலம் சாயங்காலம் ஏறி, மெதுவா இறங்குவாரு. முதல்ல ஒரு சுத்து, பொங்கல் வர்றப்போ நாலஞ்சு சுத்து. அவ்வளவு தான் அவரோட ஜிம். இறங்கும்போது தசை நீண்டுகிட்டே பாரத்த தாங்குது, அதனால தான் ஏறினத விட இறங்கினது வலிக்கும், வலியும் உடனே வராது, ரெண்டாம் மூணாம் நாள் தான் உச்சத்துக்கு போகும். பழக்கிட்டா அதே எறக்கத்துக்கு அந்த வலி வர்றதில்ல. சீசன் முடிஞ்சா என்னா செய்வீங்கனு கேட்டேன். "படி அங்கயே தானே இருக்கு"ன்னாரு.

பண்டாரவளை சேர்

ஹட்டன் தம்பி, ஒரு ஜிம்ம வச்சு எல்லா ஜிம்மையும் குறை சொல்லக்கூடாது. எடை தூக்கிறது எல்லாருக்கும் தேவை, வயசானவங்களுக்கு ரொம்ப தேவை. நான் எழுத வந்தது ஒரு பழைய மாணவன பத்தி. பஸ் ஸ்டாண்ட்ல பாத்தேன், கையில ஸ்டெப் எண்ணுற மணிக்கூடு, அத காட்டி "சேர் நேத்து 6,000 தான், பத்தாயிரம் வரல, விட்டுட்டேன்"னான். 6,000 நடந்தவன் தோத்துட்டேன்னு சொல்றான்! அந்த முகத்த பாத்ததுல இருந்து இத எங்கயாவது எழுதணும்னு இருந்தேன்.

பத்தாயிரம்ங்கிறது டொக்டர் சொன்ன கணக்கே இல்ல. 1965ல ஜப்பான்ல ஒரு கம்பனி அடி எண்ணுற கருவி வித்துச்சு, அதுக்கு வச்ச பேர் தான் 'பத்தாயிரம் அடி மீட்டர்'. 2019ல அமெரிக்காவுல வயசான பொம்பளைங்கள வச்சு செஞ்ச ஆராய்ச்சில, 2,700 அடி நடந்தவங்கள விட 4,400 அடி நடந்தவங்களுக்கே சாவு வீதம் நல்லா கொறைஞ்சிருந்துச்சு, 7,500க்கு மேல போய் பெருசா வித்தியாசம் இல்ல. வாரத்துக்கு 150 நிமிஷம் கொஞ்சம் வேகமா நடந்தா போதும், எது வேகம்னா, நடக்கும்போது பேச முடியணும் ஆனா பாட முடியக்கூடாது. நம்ம ஏத்தத்துல மெதுவா போனாலே அந்த அளவு வந்துரும், நுவரெலியா மாதிரி சமமா கிரகரி வாவி சுத்த வழி இல்லைனு கவலைப்படத் தேவையில்ல. வாரத்துல ரெண்டு நாள் தசைக்கு வேலை குடுங்க, கதிரைல உக்காந்து எழும்புறது, சுவத்துல கை ஊனி தள்ளுறது போதும்.

அப்புறம் 21 நாள்ல பழக்கம் வந்துரும்னு ஃபேஸ்புக்ல போடுறாங்களே, நம்பாதீங்க. லண்டன்ல 96 பேர வச்சு பாத்தாங்க, சராசரி 66 நாள், ஆனா ஒருத்தருக்கு 18 நாள், இன்னொருத்தருக்கு 254 நாள்னு கணக்கு வந்துச்சு. நடுவுல ஒரு நாள் விட்டதால பழக்கம் கெடல, அத கவனிங்க. இன்னொண்ணு, சீனி வர்ற நிலைமைல இருந்தவங்கள வச்சு அமெரிக்காவுல 2002ல வந்த பெரிய ஆராய்ச்சி, உடம்பு நிறை 7 வீதம் குறையணும், வாரம் 150 நிமிஷம் நடக்கணும்ங்கிறது தான் அவங்களுக்கு குடுத்த இலக்கு. சீனி வருத்தம் வர்றது 58 வீதம் குறைஞ்சுச்சு, மெட்ஃபோர்மின்ங்கிற சீனி மாத்திரை குடிச்சவங்களுக்கு 31 வீதம். அதனால எல்லாரும் விடிய 5 மணிக்கு எழும்பி அரை மணி நேரம் நடங்க, சாக்குப்போக்கு வேணாம்.

லயன் நம்பர் ஒம்பது

சேர், கணக்கெல்லாம் சரி, நன்றி. அந்த கடைசி வரிக்கு மட்டும் பதில் சொல்லியே ஆகணும். விடிய 5 மணிக்கு எங்க டிவிசன்ல சிறுத்தை நடக்குது, நாய புடிச்சுட்டு போன எடத்த காட்டட்டுமா? வெளிச்சம் வந்தப்புறம் போனா குளவி. கொழுந்து மலையில குளவி கொட்டி செத்தவங்க இருக்காங்க, உங்களுக்கும் தெரியும். சிறுத்தைக்கும் குளவிக்கும் பயந்தது சாக்குப்போக்கு இல்ல சேர்.

எங்க கதை வேற. புள்ளைங்கள பாத்துக்கிற புள்ள காம்பராவுக்கு விட்டுட்டு வேல இல்லாத நாள்ல நாங்க நாலு பேரு கோயில் வரைக்கும் ரோட்டுல நடந்துட்டு வருவோம். ஒரு நாள் ஒரு பெரியம்மா வீட்டு வாசல் இஸ்தோப்புல நின்னு சத்தமா, "வேல வெட்டி இல்லாம ரோட்ட அளக்குறாளுக, புருஷன்மார் என்னா செய்றானுகளோ"னு சொல்லிருச்சு. நாங்க மூணு பேரு கேக்காத மாதிரி போனோம். எங்க நாத்தனா மட்டும் நின்னுட்டா. முந்தானைய இழுத்து போத்திக்கிட்டு அப்படியே திரும்பி வீட்டுக்கு நடந்தா, ஒரு வார்த்த பேசல. அதுக்கப்புறம் வரவே இல்ல. கூப்பிட்டா துணி கழுவணும்ங்கிறா. அவளுக்கு தான் பிரஷர், நாலு பேர்ல அவளுக்கு தான் நடை தேவை. இப்ப நான் அவ வீட்டு பின்னாடி தண்ணி எடுக்கிற பீலிக்கு போற கல் படில அவளோட சேந்து ஏறி இறங்குறேன், வீட்டுப் பக்கம்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல. மஸ்கெலியா மாமா எழுதினத வாசிச்சு காட்டினேன், சிரிச்சா.

ஸ்டோர்ல ராச்சிஃப்ட்

நான் தேயிலை ஃபெக்டரில, அத தான் ஸ்டோர்னு சொல்வோம், கொழுந்து வாட்டுற பக்கம், ராத்திரி வேல. எனக்கு ஞாபகம் இருக்கிறது ஒரு டொக்டரோட ஒரே கேள்வி. நிறை கூடுது, நெஞ்செரிவு, எக்சசைஸ் சொல்லுங்கனு போனேன். அவர் எழுதிட்டே இருந்தவர் பேனாவ வச்சுட்டு, "எப்ப தூங்குறீங்க?"ன்னாரு. யாருமே அது வரைக்கும் கேக்கலங்க. வீட்டுக்கு வந்தா புள்ளைங்க சத்தம், தகரத்துல வெயில், மூணு மணி நேரம் தூங்கினா பெருசு, அத அவர்கிட்ட சொல்லும்போதே கண்ணு கலங்கிருச்சு. நடைய பத்தி பேசவே இல்ல, முதல்ல ஜன்னலுக்கு கறுப்பு துணி போடுங்க, நடு ராத்திரி ரொட்டிய வேலைக்கு போறதுக்கு முன்னாடியே சாப்பிட்டுருங்கன்னாரு. துணி போட்டேன், வீட்டுக்காரி புள்ளைங்கள மத்தியானம் வரைக்கும் அவங்க அம்மா காம்பராவுல வச்சுக்கிறா. தூக்கம் வந்ததும் தான் நடக்கவே தெம்பு வந்துச்சு, இப்ப ஸ்டோருக்கு லொறில ஏறாம குறுக்கு ரோட்டால நடந்து போறேன்.

லயன் ஒம்பது அக்கா, பீலிப் பக்கம் கல் படினா பாசி புடிச்சு வழுக்கும், அதுவும் இந்த மழைக்கு. தேங்காய் மட்டையால நல்லா தேச்சு விட்டுட்டு, ஒரு பக்கம் கைக்கு கம்பி இல்லனா மூங்கிலாவது கட்டுங்க. நாத்தனாவ வெறுங்கால்ல இறங்க விடாதீங்க.