ரஸ்கோல்னிகோவ் அந்தப் புத்தகத்தைத் திறந்தானா?

மெழுகுத்திரி:
கடைசிப்பக்கம் வேறொரு இழையில் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் சொன்னது இது: "கிறிஸ்தவ சஸ்பென்ஸ் என்று ஒன்று கிடையாது. குற்றவாளி ஒளிவான், உறுத்தலில் தூக்கம் கெடும், கடைசியில் வேதாகமத்தைத் திறந்து அழுவான், உடனே கிருபை கிடைத்துவிடும். தஸ்தயெவ்ஸ்கியே 'குற்றமும் தண்டனையும்' நாவலை அப்படித்தான் முடித்தார்."

அந்த நாவலின் கொலைகார நாயகன் ரஸ்கோல்னிகோவ் முடிவில் வேதாகமத்தைத் திறக்கவே இல்லை! சிறையில் புதிய ஏற்பாடு அவன் தலையணைக்கு அடியில் கிடக்கிறது. எபிலாக்கின், அதாவது நாவலின் பின்கதையின், முடிவில் கையில் எடுக்கிறான். அப்போதும் திறக்கவில்லை என்று ஆசிரியரே எழுதியிருக்கிறார். கடைசிப்பக்கம் என்று பேர் வைத்துக்கொண்டவர் கடைசிப் பக்கத்தைப் படிக்க வேண்டாமா?

சஸ்பென்ஸ் கிடையாதாம். கொலை முதல் பாகத்திலேயே முடிந்துவிடுகிறது. கொன்றது யார் என்று நமக்குத் தெரியும். மிச்சம் ஐந்து பாகத்தையும் நம்மைக் கீழே வைக்க விடாமல் பிடித்து வைத்திருப்பது என்ன? இவன் எங்கே உடைவான் என்ற பதற்றம்தானே.

கடைசிப்பக்கம்:
அக்கா, இரண்டு மொழிபெயர்ப்பிலும் படித்திருக்கிறேன். திறந்தான், எடுத்தான் என்பதில் என்ன பெரிய வித்தியாசம்? மேடையில் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தால் அது திறப்பதற்குத்தான். ஆறு பாகம் இருட்டில் கூட்டிப்போய்விட்டு, எபிலாக்கில் ஒரு நதிக்கரை, அவனை நேசித்துக் கூடவே வந்த சோனியாவின் காலில் விழுந்து ஓர் அழுகை, தலையணைக்கு அடியில் ஒரு புதிய ஏற்பாடு. ஒட்டவைத்த முடிவு. இதைச் சொல்லும் முதல் ஆளும் நான் இல்லை, எத்தனையோ விமர்சகர்கள் சொல்லிவிட்டார்கள்.

நடுவழி:
முதலில் கிறிஸ்தவ சஸ்பென்ஸ் என்று எதைச் சொல்கிறோம்? எழுதியவர் கிறிஸ்தவர் என்றாலே போதுமா? 1986-இல் ஃபிராங்க் பெரெட்டி எழுதியது மாதிரி தேவதூதர்களும் பிசாசுகளும் மோத வேண்டுமா? செஸ்டர்ட்டன் எழுதிய, பாதிரியார் துப்பறியும் பாதர் பிரவுன் கதைகள் இதில் சேருமா? இதை முடிவு பண்ணாமல் பேசினால் எங்கேயும் போய்ச் சேர மாட்டோம்.

மெழுகுத்திரி:
நடுவழி, அதை அப்புறம் பார்ப்போம். கடைசிப்பக்கம், நேராகப் பதில் சொல்லுங்கள். திறந்தானா, இல்லையா? இல்லை என்றால் நீங்கள் எழுதியது தப்பு.

வித்தியாசம் இருக்கிறது தம்பி, நிறையவே இருக்கிறது. அந்தப் புத்தகம் யாருடையது? சோனியாவுக்கு அதைக் கொடுத்தவள் லிஸாவெதா. அடகுக்கடைக் கிழவியை அடுத்து இவன் கோடரியால் கொன்ற இரண்டாவது பெண். லாசரு உயிர்த்தெழுந்த பகுதியை சோனியா வாசித்துக் காட்டியதும் அதே பிரதியிலிருந்துதான். தான் கொன்றவளின் புத்தகம் தன் தலைக்கு அடியில் இருக்கிறது, அதைத் திறக்க அவனுக்கு இன்னும் கை வரவில்லை. இதைவிடப் பெரிய சஸ்பென்ஸ் எந்தத் துப்பறியும் கதையில் இருக்கிறது? திறந்திருந்தால் நீங்கள் சொல்லும் பிரசங்க முடிவு. திறக்காததால்தான் அது நாவல்.

பழைய பேனா:
கடைசிப்பக்கம் இப்படிப் பேசுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. என் தொடர்கதையையும் இரண்டே அத்தியாயம் படித்துவிட்டு "முடிவு தெரிந்த கதை" என்று எழுதியவர்தானே. ஒரு தவறும் செய்யாதவர் என்று பேரெடுத்த மருத்துவர், ஒரு ராத்திரி மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்துவிட்டு, காலையில் குறிப்பேட்டில் எண்ணைத் திருத்துகிறார். அந்த ஒரு எண்ணைக் காப்பாற்ற அவர் அடுக்கும் பொய்கள்தான் கதை. எல்லாவற்றிலும் பிசகாமல் இருக்க நினைப்பவனுக்குத்தான் மறைக்க அதிகம் இருக்கும். அவனிடம்தான் சஸ்பென்ஸ் இருக்கும். இது புரியாமல் விமர்சனம் எழுத வந்துவிடுகிறார்கள்.

கடைசிப்பக்கம்:
ஐயா, அந்த மருத்துவர் மூன்றாம் அத்தியாயத்திலேயே ஆலயத்துக்குள் போய் முழங்காலில் நிற்பார் என்று இரண்டாவதிலேயே தெரிந்துவிட்டது. நின்றாரா, இல்லையா? அதைத்தான் எழுதினேன்.

பழைய பேனா:
நின்றார். ஆனால் ஜெபிக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டார். அதைப் படித்தீர்களா?

மெழுகுத்திரி:
இரண்டு பேரும் கதையை மாற்ற வேண்டாம். கேள்வி, அந்தப் புத்தகம் திறக்கப்பட்டதா என்பது.

பேனா ஐயா சொன்னதில் ஒன்று மட்டும் இங்கே பொருந்தும். ரஸ்கோல்னிகோவுக்கும் இருந்தது அந்தப் பிசகாமை வெறிதான். சைபீரியாவில் எட்டு வருஷத் தண்டனை. அங்கே போன பிறகும் அவன் வெட்கப்படுவது கொன்றதற்காக இல்லை. தாங்க முடியாமல் போய்ச் சரணடைந்தோமே, தோற்றுவிட்டோமே என்று குமைகிறான். அவன் கணக்கில் குற்றம் அது ஒன்றுதான். திருடிய பணப்பையை ஒரு கல்லுக்கு அடியில் புதைத்தவன், அதில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. 317 ரூபிள் 60 கோபெக். ஏழைக் கொலையாளிக்குத் தான் திருடிய பணம் எவ்வளவு என்று தெரியாதா என்று விசாரித்தவர்களே குழம்பினார்கள். பணத்துக்காகச் செய்யவில்லை, தன்னைச் சோதித்துப் பார்க்கச் செய்தான். அந்தச் சோதனையில் தேறவில்லை. அதுதான் அவனை அரிக்கிறது. இப்படிப்பட்டவன் அவ்வளவு சுலபமாகப் புத்தகத்தைத் திறந்து அழுவானா?

ஆயர்மகள்:
பிசகாமை வெறி என்றால் சீர்திருத்தச் சபைகளுக்கு வழிவகுத்த லூத்தரைச் சொல்லாமல் முடியாது. துறவியாக இருந்தபோது தன் மடத்து மேலாளர் ஸ்டௌபிட்ஸிடம் ஆறு மணி நேரம் வரை பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறார். ஒரு பாவத்தை மறந்துவிட்டால் எதுவுமே மன்னிக்கப்படாதோ என்ற பயம். அந்தப் பயத்தை அப்படியே எடுத்து ஒரு சஸ்பென்ஸ் நாவல் எழுதலாம். ஆனால் மெதடிஸ்டுகள் அதையே நல்லது என்று ஆக்கிவிட்டார்கள். அந்தச் சபையைத் தொடங்கிய வெஸ்லி 1766-இல் கிறிஸ்தவப் பூரணம் பற்றித் தனிப் புத்தகமே போட்டார்.

பழைய பேனா:
ஆயர்மகள், வெஸ்லியைத் தொட வேண்டாம். அவர் சொன்ன பூரணம் அன்பில் பூரணம். அறியாமையும் பிழையும் மனிதனை விட்டுப் போகாது என்று அவரே சொல்லியிருக்கிறார். நான் மெதடிஸ்ட் குடும்பம், தெரிந்துதான் பேசுகிறேன்.

ஆயர்மகள்:
உங்கள் குடும்பத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே. அந்தப் போதனையைக் கேட்டு வளர்ந்தவர்கள் ராத்திரி எப்படித் தூங்குகிறார்கள் என்பதுதான் என் கவலை. என் அப்பாவிடம் வந்து அழுதவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

கடைசிப்பக்கம்:
சரி அக்கா, திறக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கியது யார்? சோனியா மதத்தைச் சொல்லித் தொல்லை கொடுப்பாள் என்று பயந்துகொண்டிருந்தான். அவள் வாயே திறக்கவில்லை. நோயில் விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவனேதான் கேட்டான். படிக்க நினைக்காதவன் எதற்குக் கேட்கிறான்? இந்த வரியை மட்டும் உங்கள் வசதிக்கு விட்டுவிட்டீர்களே.

மெழுகுத்திரி:
விடவில்லை. கேட்டது அவன்தான், எனக்கும் தெரியும். கேட்டான், வைத்துக்கொண்டான், திறக்கவில்லை. நான் முதலிலிருந்து சொல்வதே அதுதான். நீங்கள் "திறந்து அழுதான்" என்று எழுதினீர்கள். அழுத இடத்தில் புத்தகம் இல்லை, புத்தகம் இருந்த இடத்தில் அழுகை இல்லை. அழுதது நதிக்கரையில், சோனியா பக்கத்தில். புத்தகத்தை எடுத்தது ராத்திரி சிறைக்குள். இரண்டையும் சேர்த்துத் தைத்தது நீங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். நோன்புக் காலத்தில் மற்றக் கைதிகளோடு ஆலயத்துக்குப் போகிறான். அந்த நாட்களில் என்ன நடந்தது? "நீ கடவுளை நம்பாதவன், உன்னைக் கொல்ல வேண்டும்" என்று அவர்களே பாய்கிறார்கள். ஆலயத்தில் கிடைக்கவில்லை, புத்தகத்தில் கிடைக்கவில்லை. ஒரு மனுஷி பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது. கிருபை என்றால் அப்படித்தான் வரும், சம்பாதித்துக்கொண்டு வர முடியாது.

கடைசிப்பக்கம்:
இப்போது நீங்கள்தான் பிரசங்கம் செய்கிறீர்கள்.

நடுவழி:
பாதர் பிரவுன் கதை ஒன்றில் ஃப்ளாம்போ என்ற திருடன் தான் திருடிய வைரங்களோடு மரத்தில் ஏறி நிற்கிறான். பாதர் கீழே நின்று பேசுகிறார். வைரங்கள் கீழே வந்து விழுகின்றன. அதில் வேதாகமமே கிடையாது. அதனால்தான் முதலில் இந்த வகை எது என்று...

மெழுகுத்திரி:
நடுவழி, அது சிறுகதை. இங்கே பேச்சு நாவலைப் பற்றி.

தஸ்தயெவ்ஸ்கியிடமே ஒரு புதிய ஏற்பாடு இருந்தது. 1850-இல் சிறைக்குப் போகும் வழியில் சைபீரியாவின் தொபோல்ஸ்கில், 1825-இல் ஜார் அரசை எதிர்த்த டிசம்பர் கிளர்ச்சிக்காரர்களின் மனைவிகள் கொடுத்தது. நான்கு வருஷம் தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். 1881-இல் சாகும் நாளில் மனைவியிடம் அதே பிரதியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். தன் உயிருக்குச் சமமான பொருளைத் தன் கொலைகாரனுக்குக் கொடுத்திருக்கிறார். கொடுத்தும் திறக்க வைக்கவில்லை. அந்தக் கட்டுப்பாடு எத்தனை எழுத்தாளர்களுக்கு வரும்?

பழைய பேனா:
இதில் எனக்கு ஏதாவது குத்தல் இருக்கிறதா?

மெழுகுத்திரி:
இல்லை ஐயா.

கடைசிப்பக்கம்:
அவர் தன் புத்தகத்தைத் திறந்தார் அல்லவா? அடிக்கடி திறந்தார். அப்படியானால் தன் பாத்திரமும் நாளைக்குத் திறப்பான் என்று நினைத்துத்தானே முடித்திருப்பார்? நாவல் முடிந்த மறுநாள் காலையில் திறந்திருப்பான். நான் எழுதியது ஒரு நாள் முன்னால் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

மெழுகுத்திரி:
மறுநாள் காலை நாவலில் இல்லை! இல்லாத பக்கத்தைப் படிக்கிறீர்கள், இருக்கிற பக்கத்தைப் படிக்க மாட்டேன் என்கிறீர்கள்.

ஆயர்மகள்:
தஸ்தயெவ்ஸ்கி ஆர்த்தடாக்ஸ் சபைக்காரர். அவருடைய கிருபையை நம் சபைகளின் கிருபையோடு அப்படியே பொருத்திப் பார்ப்பதே சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய பேனா:
முதலில் வெஸ்லி, இப்போது ஆர்த்தடாக்ஸா? உங்களுக்கு எல்லாச் சபையிலும் குறைதான் தெரியும்.

கடைசிப்பக்கம்:
அக்கா, இதற்குப் பதில் சொல்லுங்கள். கிருபை சம்பாதிக்க முடியாதது, யாருக்கும் இலவசம் என்றால் அதே நாவலின் இன்னொரு பாவி ஸ்விட்ரிகைலோவுக்கு ஏன் இல்லை? சோனியாவுக்கு 3,000 ரூபிள் கொடுத்தான். தாயில்லாத பிள்ளைகளுக்கு வழி செய்தான். அவன் கொடுத்த அந்தப் பணம்தான் சோனியா சைபீரியா வரை வரவே உதவியது. அவன் மட்டும் தெருவில் ஒரு காவலாளி முன்னால் சுட்டுக்கொண்டு சாகிறான். உங்கள் நதிக்கரை அவனுக்கு ஏன் கிடைக்கவில்லை?

மெழுகுத்திரி:
கொடுத்தான், உண்மை. எல்லாக் கணக்கையும் கச்சிதமாகத் தீர்த்தான். ஆனால் தான் செய்ததை யார் முன்னாலும் நேராக ஒப்புக்கொள்ளவே இல்லை. ரஸ்கோல்னிகோவ் சோனியாவிடம் ஒப்புக்கொண்டான். இந்த நாவலை எத்தனை பேர் "பணம் கொடுத்தான், நல்லவன்" என்று படிக்கிறார்களோ!

கடைசிப்பக்கம்:
நல்லவன் என்று நான் எங்கே சொன்னேன்? மேலே போய்ப் பாருங்கள், அப்படி ஒரு சொல்லே நான் எழுதவில்லை.