எஸ்.எஸ்.டி.: ‘திண்மநிலை இயக்கி’ பொருந்துமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பழைய மடிக்கணினியைக் கழித்துவிட்டுப் புதிது வாங்குவதா, அல்லது வன்தட்டை (ஹார்டு டிஸ்க்) மட்டும் மாற்றி இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவதா என்று தயங்குவோருக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். அதில் பக்கத்துக்குப் பக்கம் வர வேண்டிய சொல் எஸ்.எஸ்.டி. (சாலிட் ஸ்டேட் டிரைவ்), அதாவது வன்தட்டுக்குப் பதிலாகப் பொருத்தும், சுழலும் தட்டு இல்லாத தரவு உறுப்பு. இதற்குத் ‘திண்மநிலை இயக்கி’ என்ற பெயர் ஆங்காங்கே புழங்குகிறது. கையேட்டின் வாக்கியங்களில் வைத்துப் பார்த்தால் அதன் இரு பாதிகளுமே இடறுகின்றன.

“புதிய இயக்கியைப் பொருத்தியதும் அதற்குரிய இயக்கியை நிறுவுக” என்று ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. முன்னது கையில் பிடிக்கும் பொருள் (டிரைவ்), பின்னது மென்பொருள் (டிரைவர்). இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் படிப்பவர் எதைத் திருகாணி போட்டு முடுக்குவார்? போதாக்குறைக்கு, இந்தப் பொருளில் எதையும் இயக்கும் உறுப்பு எதுவும் இல்லை.

‘திண்மநிலை’ அதைவிடச் சிக்கலானது. ‘வன்’, ‘திண்’ இரண்டும் தமிழில் உறுதியையே குறிப்பதால், வன்தட்டுக்கும் திண்மநிலை இயக்கிக்கும் என்ன வேறுபாடு என்பது பெயரிலிருந்து விளங்குவதில்லை. பள்ளியில் திண்மம், நீர்மம், வாயு என்று படித்தவர், அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன வன்தட்டு மட்டும் திண்மம் இல்லையா என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். ‘சாலிட் ஸ்டேட்’ என்ற அந்த ஆங்கிலப் பெயர் தட்டுக்கு எதிராகப் பிறந்ததே அன்று. 1947இல் டிரான்சிஸ்டர் வந்த பின்னர், வெற்றிடக் குழாய்க்குள் எலக்ட்ரான்கள் பாய்ந்த பழைய கருவிகளிலிருந்து, படிகத்துக்குள்ளேயே அவை நகரும் புதிய கருவிகளைப் பிரித்துக் காட்ட எழுந்த வழக்கு அது. வெற்றிடக் குழாயையே கண்டிராத தலைமுறைக்கு அந்த எதிர்நிலையைத் தமிழிலும் சுமந்து தருவது வீண்.

வாங்குபவர் அறிய வேண்டிய வேறுபாடு ஒன்றுதான். மடிக்கணினி வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. வேண்டிய தரவு படிமுனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஏறத்தாழ 5.6 மில்லிவினாடி, காத்திருக்க வேண்டும். படிமுனை இடம் பெயரும் நேரம் தனி. எஸ்.எஸ்.டி.யில் மொத்தக் காத்திருப்பே மில்லிவினாடியின் பத்தில் ஒரு பங்கு அளவுதான். கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் படிக்கப்படுவதால், பழைய கணினியின் சோம்பலில் பெரும்பங்கு இந்தச் சுழற்சியில்தான் இருக்கிறது. ஆகவே நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் வேகமுள்ள, பழைய வன்தட்டின் இணைப்பிலேயே பொருந்தும் சாட்டா வகையே பழைய கணினிக்குப் போதும். நொடிக்கு 3500 மெகாபைட் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்ட என்.வி.எம்.இ. என்னும் அதிவேக வகையைப் பல பழைய தாய்ப்பலகைகளில் (மதர்போர்டு) செருக இடமே இராது.

சில்லுகளில் (சிப்) தரவைத் தேக்குவதால் ‘சில்லுத் தேக்ககம்’ என்று முன்மொழிகிறேன். ‘சேமிப்பகம்’ என்பது கைபேசிகளில் இட அளவைக் குறித்து நிலைத்துவிட்டதால், உறுப்புக்குத் ‘தேக்ககம்’ என்று வேறாக வைத்திருக்கிறேன். உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

*

ஐயா, வணக்கம்.

‘இயக்கி’ பற்றிய உங்கள் கருத்துடன் முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் ‘சில்லு’ எங்களிடம் எடுபடாது. யாழ்ப்பாணத்தில் சில்லு என்றால் சக்கரம். சைக்கிளுக்கு இரண்டு சில்லு, ஓட்டோவுக்கு மூன்று. சுழலும் பாகமே இல்லை என்று விளக்க வந்த சொல்லை நாங்கள் சக்கரம் பூட்டிய தேக்ககம் என்றுதான் வாசிப்போம். மேலும், பென் டிரைவும் கமராவின் நினைவட்டையும்கூடச் சில்லில்தான் பதிகின்றன. இந்தப் பெயர் அவற்றையும் அள்ளிக்கொண்டு போகும்.

‘நிலைத்தேக்ககம்’ என்று வைத்தால் என்ன? தேர் நிலைக்கு வந்தது என்கிறோம். ஓட்டம் இல்லாததை அந்தச் சொல் காட்டும். மின்சாரம் போனாலும் தரவு நிலைத்திருக்கும் என்ற பொருளும் சேர்ந்தே கிடைக்கும்.

*

அன்பரே,

‘சில்லு’ குறித்த தடையை ஏற்று அதைக் கைவிடுகிறேன். கலைச்சொல் பாக் நீரிணையின் இரு கரைக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

‘நிலைத்தேக்ககம்’ அழகான சொல்தான். ஆனால் நீங்கள் கூடுதல் நன்மையாகச் சொன்ன அந்த இரண்டாம் பொருளுக்குத்தான் நான் அஞ்சுகிறேன். இதில் தரவு என்பது மிக நுண்ணிய அறைகளில் அடைபட்ட மின்னூட்டம். நான்கு பிட்டுகளை ஓர் அறையில் பதியும் கியூ.எல்.சி. வகையில் 16 வேறு மின்னூட்ட அளவுகளைப் பிரித்தறிய வேண்டியிருப்பதால், சிறிது கசிந்தாலும் பிழை நேரலாம். நினைவகச் சில்லுகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரவரையறை, எழுதும் ஆயுளைத் தீர்த்துவிட்ட எஸ்.எஸ்.டி. மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியசில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்கிறது. வெப்பம் ஏற ஏற அந்தக் காலம் சுருங்கும். ‘நிலை’ என்ற பெயரை நம்பி ஒருவர் திருமணப் படங்களையெல்லாம் அதில் ஏற்றிச் சென்னை வெயிலில் அலமாரியில் பல ஆண்டு போட்டுவைத்தால், பெயர் வைத்த நாமும் அதற்குப் பொறுப்பாவோம். அந்த வேலைக்கு வன்தட்டே தகும். கையேட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஆதலால் ‘சுழலாத் தேக்ககம்’ என்பதை முன்வைக்கிறேன். இல்லாததைக் கொண்டு பெயரிடுவது தமிழுக்குப் புதிதன்று. வாடாமல்லி இருக்கிறது, அசையாச் சொத்து இருக்கிறது. பென் டிரைவும் சுழலாததுதானே என்று நீங்கள் கேட்கலாம். வன்தட்டு இருந்த இடத்தில் வந்து அமர்வதால்தான் சுழலாமை இங்கே பேசப்படுகிறது. பென் டிரைவை யாரும் அந்த இடத்தில் வைத்து ஒப்பிடுவதில்லை. ‘சாட்டா சுழலாத் தேக்ககம்’ என்று வகைப்பெயரோடு சேர்த்துச் சொல்லவும் தடையில்லை. கடைச் சீட்டில் எஸ்.எஸ்.டி. என்றே இருக்குமாதலால் ஒவ்வொரு இயலிலும் முதல் முறை வரும்போது இரண்டையும் சேர்த்து எழுதிவிடலாம்.

கையேட்டின் வரி இப்போது இப்படி அமைகிறது: “உங்கள் கணினியில் வன்தட்டு இருந்து, 8 ஜிபி நினைவகமும் இருந்தால், புதுக் கணினி வாங்குமுன் சுழலாத் தேக்ககம் ஒன்றைப் பொருத்திப் பாருங்கள், ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதாலும், விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியைக் கேட்பதாலும், அது இல்லாத கணினியில் லினக்ஸ் என்னும் வேறு இயங்குதளத்தை நிறுவ நீங்கள் அணியமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.” இதை உங்கள் பக்கத்து மாணவர் ஒருவரிடம் படித்துக் காட்டி, எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.