நாவலைத் தாண்டி எதைப் படிக்கலாம்? உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பத்து வருஷமாக நாவல் மட்டுமே படித்து வருகிறேன். இப்போது வரலாறு, அறிவியல், பயணம் எல்லாம் கலந்து படிக்க ஆசை. நூலகங்களில் புத்தகங்களைத் துறைவாரியாக எண்ணிட்டு அடுக்கும், 1876-இல் வந்த டூவி தசமப் பகுப்பு முறையில் 500 அறிவியல், 900 வரலாறும் புவியியலும் என்பதுவரை தெரியும். ஆனால் 500 வரிசை முன் நின்றால் எதை எடுப்பதென்று கை தயங்குகிறது. பின்னட்டைகள் எல்லாமே புகழத்தான் செய்கின்றன. அதனால் நடுப்பக்கம் ஒன்றைப் புரட்டி ஒரு பத்தி படித்துப் பார்க்கிறேன். போன வாரம் அப்படித்தான் எறும்புகளைப் பற்றிய புத்தகம் ஒன்று கிடைத்தது. நின்றபடியே இருபது பக்கம் படித்துவிட்டேன்! அந்த மாதிரி, துறை தெரியாதவரையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் புத்தகங்கள் எவை? நீங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? பாதியில் மூடி வைத்தவற்றையும் காரணத்தோடு சொல்லுங்கள், ப்ளீஸ்.