ஏஎஃப்எல்: காயமுற்றவர் களம் திரும்பும் காலம்

கேள்வி (அல்சூர், பெங்களூரு):
வணக்கம். மெல்போர்னில் இருக்கும் தம்பியின் தூண்டுதலால் ஆஸ்திரேலியக் கால்பந்தின் முதன்மைத் தொடரான ஏஎஃப்எல் போட்டிகளைப் பார்த்து வருகிறேன். தொடைப் பின்தசை பிடித்துக்கொண்டவர் சில வாரங்களில் திரும்பிவிட, முழங்கால் தசைநார் அறுந்தவருக்கு மட்டும் அந்தப் பருவமே முடிந்துபோவது ஏன்?

பதில் (இந்திராநகர், இயன்முறை மருத்துவர்):
ஐயா, தசையில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் லேசான கிழிசல் பெரும்பாலும் 3, 4 வாரங்களில் ஆறிவிடும். முழங்கால் மூட்டைப் பிடித்து நிறுத்தும் ஏசிஎல் தசைநார் அறுந்தால் தானாக ஒட்டுவது அரிது. வேறிடத்துத் தசைநாணை எடுத்துப் பொருத்தி, அது எலும்போடு ஊன்றி வலுப்பெற்று, தாவி இறங்கும் பயிற்சியையும் தாங்குவதற்குப் பொதுவாக 9 முதல் 12 மாதங்கள் ஆகும். என்னிடம் வரும் கபடி வீரர்கள் வீக்கம் வடிந்ததுமே ஆடத் துடிக்கிறார்கள், தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

பதில் (ஜெயநகர்):
மூளையதிர்ச்சிக்கு ஏஎஃப்எல் வகுத்த குறைந்தபட்ச ஓய்வு 12 நாட்கள். அறிகுறிகள் நீடித்தால் களம் திரும்புவது இன்னும் தள்ளிப்போகும். எனக்கு இதுவே மிக முக்கியமான விதி.