அடப்பங்கொடிப் பூவும் பின்னால் ஒரு படகும்

சின்னப் பொருளை மிகப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸில் எடுத்த அடப்பங்கொடிப் பூப் படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. ஊதாப் பூ, பின்னால் பச்சைக் கலங்கல், அவ்வளவுதான். கடலூர் தேவனாம்பட்டினத்தில் எடுத்ததா, யார் வீட்டுத் தொட்டியில் எடுத்ததா என்று படத்தைப் பார்த்தால் தெரியாது. பூவும் பெரிதாக வர வேண்டும், அது படர்ந்திருக்கும் மணலும் கடலும் கூடவே வர வேண்டும் என்ற ஆசையில் கேமராவோடு சேர்ந்தே வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸோடு தொடர்ந்து மூன்று நாள் விடியற்காலையில் அங்குள்ள சில்வர் பீச்சுக்குப் போனேன்.

அந்த லென்ஸ் 25 செ.மீ. வரை ஃபோகஸ் ஆகும். இந்தக் கணக்கு லென்ஸ் முனையிலிருந்து இல்லை, கேமராவுக்குள் இருக்கும் சென்சாரிலிருந்து. லென்ஸின் நீளம் போக, கண்ணாடிக்கும் பூவுக்கும் நடுவே அரைச் சாண்தான் மிச்சம். அகலக் கோணமான 18-ல் வைத்து அவ்வளவு கிட்டே போனால்தான் பூ முன்னால் வந்து நிற்கிறது. ஓரடி தள்ளினாலும் மணலில் கிடக்கும் புள்ளி ஆகிவிடுகிறது. இது பிடிபடவே முதல் நாள் முடிந்துவிட்டது.

இன்னும் நெருங்கலாமே என்று கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வளையமான எக்ஸ்டென்ஷன் ட்யூப் ஒன்றை, 12 மி.மீ. நீளத்தில், போட்டுப் பார்த்தேன். 55-ல் நன்றாக வேலை செய்த ட்யூப், 18-ல் கைவிட்டது. பூ கண்ணாடியில் உரசும் அளவுக்குப் போயும் எதுவும் தெளியவில்லை. அகலக் கோணத்தில் அந்த நீளமே அதிகம். ஃபோகஸ் விழும் இடம் லென்ஸுக்குள்ளேயே போய்விடுகிறது.

ஆனால் என்னைப் படுத்தியது வெளிச்சம்தான். நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும். கடலைப் பின்னால் வைத்தால் பூவின் முகம் இருட்டு. ஊர்ப்பக்கம் திரும்பினால் லென்ஸின் நிழலே பூமேல் விழுகிறது, லென்ஸ் முனையில் மாட்டும் ஹூடைக் கழற்றியும் தீரவில்லை. சாயங்காலம் போனால் வெளிச்சம் சரியாக இருக்கும், அதற்குள் பூ வாடிவிடும்.

மூன்றாம் நாள், வெயிலைப் பூவின் முகத்துக்குத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் துண்டை எடுத்துப் போனேன். ஒரு கையில் அதைப் பிடித்து, மறு கையில் கேமராவை மணலில் அழுத்தி வைத்துத் தடுமாறிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்தார்.

"குடு தம்பி, நான் புடிக்கிறேன். வெயில் ஏறுனா சுருங்கிடும்."

"இன்னும் கொஞ்சம் கீழே ஐயா."

பூவுக்குள் வெளிச்சம் இறங்கியது. பிடித்துக்கொண்டே, "இந்தக் கொடி ஓடுற எடத்துல மணல் அவ்வளவா பறக்காது" என்றார். அதுவரை நான் பூவை மட்டும்தான் பார்த்திருந்தேன். குனிந்து பார்த்தால், கணுவுக்குக் கணு வேர் விட்டு, ஆட்டுக்குளம்பு போன்ற இலைகளோடு கொடி மணலைக் கவ்விக்கொண்டு அவருடைய ஃபைபர் படகு வரைக்கும் போயிருந்தது. கேமராவை இன்னும் தாழ்த்தி, அந்தக் கொடி படகுக்கு ஓடுகிற மாதிரி வைத்தேன்.

ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, கேமராவையே முன்னும் பின்னும் நூலளவு நகர்த்தித்தான் மகரந்தத்தில் ஃபோகஸ் பிடிக்க முடிந்தது. லென்ஸின் துளை அகலமாகத் திறக்கும் எஃப் 4-ல் படகின் விளிம்பு கரைந்துபோனது. துளை மிகவும் சுருங்கும் எஃப் 22-ல் பூவே கூர்மை இழந்தது. எஃப் 11-ல் எடுத்து, திரையை அவரிடம் நீட்டினேன்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நம்ம படகுதான்" என்றார்.