6 அடி 4 அங்குல உயரம்: எந்த கிட் ஸ்போர்ட்ஸ் காரில் சரியாக உட்கார முடியும்?

மூன்றாம்கியர்:

வணக்கம் நண்பர்களே. செவன் ரகத்தில் (பழைய லோட்டஸ் செவன் மாதிரி, திறந்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார்) ஒரு கிட், அதாவது பாகங்களாக வரும் காரை வாங்கி, என் கையாலேயே பூட்ட வேண்டும் என்பது பத்து வருட ஆசை. இப்போதுதான் இடமும் நேரமும் சேர்ந்து அமைந்திருக்கிறது. ஆனால் உயரம் இடிக்கிறது. 6 அடி 4 அங்குலம், அதாவது 193 செ.மீ. ஷூ அளவு 47.

போன ஞாயிறு, விற்பனைக்கு வந்த பழைய செவன் ரகக் கார் ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன். சீட்டின் மேல் ஏறி நின்று, ரோல் பாரை (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க சீட்டுக்குப் பின்னால் இருக்கும் வளைந்த குழாய்) பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் ஸ்டீயரிங்குக்கு அடியில் விட்டு வழுக்கி இறங்க வேண்டும். அது பழகிவிடும். உட்கார்ந்த பிறகு தெரிந்ததுதான் கவலை. முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங் வளையத்தில் முட்டுகின்றன. கிளட்சிலிருந்து காலைத் தூக்கினால் முட்டி வளையத்தில் மாட்டிக்கொள்கிறது. பிரேக்கை மிதித்தால் ஷூவின் ஓரம் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து அமுக்குகிறது. நல்ல வேளை, என்ஜின் ஓடவில்லை. முன்கண்ணாடியின் மேல் சட்டம் சரியாகக் கண்ணுக்கு நேரே நிற்கிறது. தலை உச்சியோ ரோல் பாருக்கு மேலே.

700 கிலோவுக்குள் இருக்க வேண்டும். வார இறுதியில் ஓட்டவும், அவ்வப்போது டிராக்கில் விடவும் வேண்டும். எந்தக் கார் எனக்குச் சரிப்படும்? அல்லது இருக்கிற காரையே மாற்றி உட்கார முடியுமா?

டார்க்ரெஞ்ச்:

தம்பி, உயரத்தை மட்டும் சொன்னால் யாராலும் பதில் சொல்ல முடியாது. 193 செ.மீ. ஆள் இரண்டு பேரை ஒரே காரில் உட்கார வையுங்கள். ஒருவருக்கு முட்டி இடிக்கும், இன்னொருவருக்குத் தலை இடிக்கும். உடம்பு நீளமா, கால் நீளமா என்பதுதான் கேள்வி.

மூன்று அளவு எடுங்கள். சுவரோடு முதுகை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, தரையிலிருந்து உச்சந்தலை வரை. அடுத்தது, கவட்டிலிருந்து குதிகால் வரை. கடைசியாக, ஓட்டும்போது போடப்போகும் ஷூவின் அகலம், அதன் மிக அகலமான இடத்தில். ஷூவைப் பலர் விட்டுவிடுவார்கள். செவன் ரகத்தில் பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

லோட்டஸ் செவன் 1957-இல் வந்த கார். 1973-இல் அதன் உரிமையை கேட்டர்ஹாம் நிறுவனம் எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் அடிப்படை வடிவம் பெரிதாக மாறவில்லை. ஓட்டுநர் பின் அச்சுக்குச் சற்று முன்னால், கிட்டத்தட்ட தரையில் உட்காருகிறார். ஒரு பக்கம் கியர்பாக்ஸ் டனல், மறு பக்கம் சேஸிக் குழாய். சீட்டைப் பின்னால் தள்ளலாம் என்றால் பின்னால் இருப்பது அச்சும் பெட்ரோல் டாங்க்கும். எடை குறைவாக இருக்கக் காரணமே இப்படி எல்லாவற்றையும் நெருக்கிக் கட்டியதுதான். அதனால் இடம் தேட வேண்டுமானால் கீழே தேடுங்கள், அல்லது அகலத்தில் தேடுங்கள்.

மூன்றாம்கியர்:

நன்றி அண்ணா. இப்போதுதான் அளந்தேன். உட்கார்ந்த உயரம் 98. கால் 92. ஷூ அகலம் 11.5 செ.மீ. வேறு மெல்லிய ஷூ போட்டால் 10.5.

ஹீல்டோ:

எனக்கும் 6 அடி 2. சீட்டின் முதுகைச் சாய்த்துக்கொண்டு கொஞ்சம் கீழே சரிந்து உட்கார்ந்தேன், தலை உள்ளே போய்விட்டது. செலவே இல்லை. அதையே செய்து பாருங்களேன்.

டார்க்ரெஞ்ச்:

ஹீல்டோ, தவறாக நினைக்காதீர்கள், அவருக்கு இதைச் சொல்லாதீர்கள். 92 செ.மீ. கால் உள்ளவர் இடுப்பை முன்னால் சரித்தால் முட்டி இன்னும் மேலே எழும்பும். ஏற்கெனவே அங்கேதான் இடிக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம் பெல்ட். இடுப்பு சரிந்த நிலையில் உட்கார்ந்தால், மோதலின்போது உடம்பு இடுப்புப் பெல்ட்டுக்கு அடியில் நழுவி, பெல்ட் வயிற்றில் ஏறிவிடும். தோள் பெல்ட்டும் கவனிக்க வேண்டியது. தோளிலிருந்து பின்னால் போகும்போது அது ஏறக்குறைய கிடைமட்டமாக இருக்க வேண்டும். கீழ்நோக்கிய சாய்வு 10 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்றும், 45 டிகிரியைத் தாண்டவே கூடாது என்றும் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் விதி சொல்கிறது. உயரமானவரின் தோள், பெல்ட் மாட்டும் இடத்தைவிட ரொம்ப மேலே இருந்தால் அந்தப் பெல்ட் மோதலில் தோளைப் பின்னால் பிடிக்காது, கீழே அமுக்கும். அமுங்குவது முதுகெலும்பு. தலை உள்ளே போனால் போதும் என்று நிறுத்தக் கூடாது, தோள் எங்கே நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

அதனால்தான் நான் முதலில் தரையைத் தாழ்த்தச் சொல்வேன். சீட் இறங்கினால் தலை, தோள், பெல்ட் சாய்வு மூன்றும் ஒரே வேலையில் சரியாகும். கேட்டர்ஹாமில் தாழ்ந்த தரை ஒரு தெரிவாகவே வருகிறது. சொந்தமாகச் செய்பவர்கள் தரைத் தகட்டை வெட்டிவிட்டு, சுற்றிலும் சட்டம் வைத்து, தட்டு மாதிரி ஒன்றைக் கீழே இறக்கி வெல்டு செய்வார்கள். எவ்வளவு இறக்கலாம் என்பதற்கு என் கணக்கு ஒன்றுதான்: என்ஜின் சம்ப்தான் (என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) காரின் மிகத் தாழ்ந்த பகுதியாக இருக்க வேண்டும். சாலையில் எதிலாவது தட்டினால் முதலில் தட்டுவது உங்கள் இருக்கையாக இருக்கக் கூடாது.

தரையில் கைவைக்கும் முன் சீட் ரயிலை (சீட் முன்பின் நகரும் தடம்) கழற்றிப் பாருங்கள். சீட்டை நேரே தரையில் போல்ட் போட்டாலே சில செ.மீ. கிடைக்கும். தடித்த மெத்தை சீட்டை எடுத்துவிட்டு மெல்லிய ஃபைபர் சீட் போட்டால் இன்னும் கொஞ்சம்.

அலுமினியத்தகடு:

நான் சேஸியையே சொந்தமாக வெல்டு செய்தவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். வழக்கமான லோகாஸ்ட் (வீட்டிலேயே குறைந்த செலவில் கட்டும் செவன் மாதிரிக் கார்) சேஸி வரைபடம் உங்களுக்கு ஒத்துவராது. அதைப் பெரிதாக்கிய '442' என்ற வரைபடம் ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. அகலத்தில் 4 அங்குலம், நீளத்தில் 4 அங்குலம், உயரத்தில் 2 அங்குலம் கூடுதல். பெயரே அதுதான். 4 அங்குல அகலம் கேட்பதற்குச் சின்னதாகத் தோன்றும். ஆனால் அதில் பாதி உங்கள் பக்கம் வந்தால் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் நடுவில் ஒரு பாதம் நுழையும் இடம் உண்டாகிறது.

ஒரு தொல்லை உண்டு. வழக்கமான அளவுக்கு விற்கிற மூக்குப் பகுதி, டேஷ்போர்டு மேல்மூடி, பானெட் எதுவும் நேராகப் பொருந்தாது. நான் மூக்கை நடுவில் அறுத்து, இடைவெளியில் ஃபைபர் போட்டு அகலமாக்கினேன். அந்த வேலை மட்டும் மூன்று வாரம் எடுத்தது. தேய்த்துத் தேய்த்துக் கை மரத்துப்போனது. ஆனால் இன்றைக்கு அந்த இணைப்பு எங்கே என்று யாராலும் காட்ட முடியாது.

வெல்டிங் வேண்டாம் என்றால் கேட்டர்ஹாமின் எஸ்வி சேஸியைப் பாருங்கள். சாதாரண சேஸியைவிட 110 மி.மீ. அகலம். எடை கொஞ்சம் கூடும். உங்கள் உடல்வாகுக்கு அந்த எடையைப் பொருட்படுத்தவே வேண்டாம். முட்டி இடித்தபடி ஓட்டும் லேசான காரைவிட, கால் தாராளமாக அசையும் கார் வளைவுகளில் வேகமாகப் போகும். பிரேக்கை நம்பி மிதிக்க முடிகிறது இல்லையா.

குழாய்வண்டி:

இன்னொரு வழி: செவன் வடிவத்தையே விட்டுவிடலாம். நான் வைத்திருப்பது எக்ஸோசெட். மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை வாங்கி, உடம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, என்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் குழாய்ச் சட்டத்தில் மாற்றிப் பூட்டுவது.

உயரமானவர்களுக்கு இதில் ஒரு நல்ல விஷயம், பெடல்கள் பாகங்களைத் தரும் தாய்க் காரிலிருந்தே வருகின்றன. அதாவது பெடல்களுக்கு நடுவில் சாதாரணக் காரில் இருக்கும் இடைவெளி. நான் பூட்ஸ் போட்டே ஓட்டுகிறேன். எந்தக் கிட்டைப் பார்த்தாலும் 'பெடல் எங்கிருந்து வருகிறது?' என்று கேளுங்கள். தாய்க் காரின் பெடல் என்றால் பெரும்பாலும் பாதத்துக்கு இடம் இருக்கும். முன்கண்ணாடிச் சட்டம் இல்லாததால் கண்ணுக்கு நேரே எதுவும் மறைக்காது. முழு முகத்தை மூடும் ஹெல்மெட் மட்டும் கட்டாயம் போடுங்கள். காற்றோடு கல்லும் பூச்சியும் முகத்துக்கு நேரே வரும்.

மூன்றாம்கியர்:

எல்லோருக்கும் நன்றி. எக்ஸோசெட்டின் யோசனை பிடித்திருக்கிறது, ஆனால் மனசு செவனிலேயே நிற்கிறது. அந்த நீண்ட பானெட்டும், கையை நீட்டினால் தரை எட்டுவதும் வேறு எதிலும் வராது.

ஒரு சந்தேகம். ஸ்டீயரிங்கைச் சின்னதாக மாற்றினால் முட்டிப் பிரச்சினை தீருமா? கழற்றி மாட்டும் ஸ்டீயரிங் பற்றியும் படித்தேன்.

டார்க்ரெஞ்ச்:

ஓரளவு தீரும். விட்டத்தில் 5 செ.மீ. குறைத்தால் அடிப்பக்கத்தில் கிடைப்பது பாதிதான், 2.5 செ.மீ. அடி தட்டையான வளையம் இன்னும் உதவும். ஆனால் வளையம் சிறுக்கச் சிறுக்கத் திருப்பும் கனம் கூடும், மீட்டர்களும் மறையும்.

கழற்றி மாட்டும் ஹப் ஏறி இறங்க மிக வசதி. ஆனால் அந்த ஹப்புக்கே ஒரு தடிமன் உண்டு, அந்த அளவு ஸ்டீயரிங் உங்களை நோக்கி வரும். முட்டி வளையத்தின் எந்த இடத்தில் படுகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கிட்ட வந்தால் முட்டிக்கு நல்லதா கெட்டதா என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். சேஸியின் உள் அளவுகளைக் கேட்டு வாங்கி, கராஜ் தரையில் பிளைவுட்டும் அட்டையும் வைத்து ஒரு காக்பிட் கட்டுங்கள். பெடலுக்கு மரத்துண்டு, டனலுக்கு அட்டைப் பெட்டி. ஹெல்மெட்டும் ஷூவும் போட்டு அரை மணி நேரம் அதில் உட்காருங்கள். ஐந்து நிமிடத்தில் தெரியாத வலி இருபதாவது நிமிடத்தில் தெரியும்.

மூன்றாம்கியர்:

(இரண்டு வாரம் கழித்து)

செய்தேன். அட்டை காக்பிட்டில் மூன்று மாலை உட்கார்ந்தேன். சாதாரண அகலத்தில் இடது பாதத்தைக் கிளட்சுக்குப் பக்கத்தில் வைத்து ஓய்வெடுக்க இடமே இல்லை. பாதம் எப்போதும் பெடலுக்கு மேல் மிதந்துகொண்டே இருந்ததில் தொடை கடுத்துவிட்டது. 11 செ.மீ. கூட்டியதும் அது போயிற்று.

பிறகு அகலமான சேஸியும் தாழ்ந்த தரையும் உள்ள ஒரு காரைத் தேடிப் பிடித்து, உரிமையாளர் சம்மதத்தோடு ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தேன். ரோல் பாரின் உச்சியிலிருந்து முன்பக்கம் பானெட் தொடங்கும் இடத்துக்கு ஒரு நீளக் கம்பைப் பிடித்துப் பார்த்தோம், கவிழ்ந்தால் தலை அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டுமே. ஹெல்மெட் கம்புக்குக் கீழே 2 செ.மீ. மட்டும். முட்டி இடிக்கவில்லை. மெல்லிய ஷூவில் பிரேக் தனியாக மிதிபடுகிறது. கம்புக்கும் ஹெல்மெட்டுக்கும் 5 செ.மீ. வேண்டும் என்கிறார்களே, மீதி 3-க்கு என்ன செய்வது?

அலுமினியத்தகடு:

ஃபோம் சீட். இரண்டு திரவத்தைக் கலந்தால் பொங்கும் பாலியூரித்தேன். சீட் கூட்டை எடுத்துவிட்டு, தடித்த குப்பைப் பையைத் தரையில் விரித்து, அதில் கலவையை ஊற்றி, பையை மூடி, பெல்ட் மாட்டி, கை ஸ்டீயரிங்கிலும் கால் பெடலிலுமாக அசையாமல் உட்கார வேண்டும். பொங்கி வரும்போது முதுகில் சூடு ஏறும், பயப்படாதீர்கள். ஒரே தடவையில் நிறைய ஊற்றாதீர்கள், சூடு தாங்காது, உங்களையும் மேலே தூக்கிவிடும். இடுப்புக்கு ஒரு தடவை, முதுகுக்கு ஒரு தடவை. ஊற்றும்போது பிட்டத்து எலும்புக்கு அடியில் விரற்கடை அளவுதான் தங்க வேண்டும். அந்த இடத்தில்தான் உங்கள் 3 செ.மீ. இருக்கிறது. கதவு, ஜன்னல் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள், அந்த ஆவியைச் சுவாசிக்கக் கூடாது. காய்ந்த பிறகு கெட்டியாக இருக்கிற ரகத்தை வாங்குங்கள். மெத்தென்ற ஃபோம் மோதலில் அமுங்கி பெல்ட்டைத் தளர்த்திவிடும்.

டார்க்ரெஞ்ச்:

அதற்கும் முன்னால், அந்த ரோல் பார் எது என்று பாருங்கள். சாதாரணமானது என்றால் டிராக்குக்கான உயரமான பார் போட்டாலே கம்பு மேலே போய்விடும். அப்படிச் செய்தால் தோள் பெல்ட் மாட்டும் இடம் எங்கே வருகிறது என்று மறுபடி அளந்து இங்கே எழுதுங்கள்.

மூன்றாம்கியர்:

சாதாரண பார்தான் அண்ணா, இப்போதுதான் கேட்டு உறுதி செய்தேன். உயரமான பாரோடு பேசி முடித்துவிட்டேன். சனிக்கிழமை சுருள்டேப்போடு போகிறேன், தோளுக்கும் பெல்ட் முனைக்கும் உள்ள அளவை அன்று இரவே போடுகிறேன்.