பொருள்: 'லஷோன் ஹரா' – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புடையீர், வணக்கம்.

முதுகலை மாணவர்களுக்கான சமய ஒப்பீட்டுப் பாடநூல் ஒன்றில் யூத அறவியலைப் பற்றிய இயலை மொழிபெயர்த்துவருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். யூதர்கள் தம் மறையின் முதல் ஐந்து நூல்களாகிய தோராவை 54 பகுதிகளாக வகுத்து, ஓராண்டுச் சுற்றில் ஓய்வுநாள்தோறும் வாசிக்கின்றனர். அந்த வாரப் பகுதியிலிருந்து அன்றாட நடத்தைக்குரிய பாடம் ஒன்றை எடுத்துரைப்பது அவர்களுடைய மரபு. தோராவின் மூன்றாம் நூலான லேவியராகமத்தின் 12 முதல் 15 வரையிலான அதிகாரங்களில் அமைந்த தஸ்ரியா, மெத்சோரா என்னும் இரு பகுதிகளுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அங்கே பேசப்படும் தோல்நோய் 'லஷோன் ஹரா' என்னும் குற்றத்தால் வருவது என்பது யூத சமய ஆசான்களான ரபிமார் விளக்கம். ஒருவரிடம் உண்மையாகவே உள்ள குறையைத் தக்க காரணமின்றிப் பிறரிடம் சொல்லுவதே அக்குற்றம். பொய்யாகச் சொன்னால் அது 'மோத்ஸி ஷேம் ரா' என்னும் வேறு குற்றம். 'உன்னைப் பற்றி அவர் இப்படிச் சொன்னார்' என்று கொண்டுபோய்ச் சேர்ப்பது 'ரெகிலுத்'. பின்னிரண்டையும் அவதூறு, கோள் என்று எழுதிவிட்டேன். முதலாவதைப் 'புறங்கூறல்' என எழுதி, அடித்து, மறுபடியும் எழுதிவைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

– க.

*

அம்மையீர்,

வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துத் தந்திருக்கும்போது ஏன் இந்தத் தயக்கம் என்று விளங்கவில்லை. 'அறங்கூறான் அல்ல செயினும் ஒருவன் புறங்கூறான் என்றல் இனிது' என்பதைவிட எபிரேய அறிஞர் எவரும் அதிகமாகச் சொல்லிவிடப் போவதில்லை. இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதுச்சொல்லுக்கு அலைவது இக்குழுமத்தின் பழைய நோய்.

– புலவர் இரா.

*

புலவர் ஐயா அவர்களுக்கு,

தயக்கத்திற்குக் காரணம் அதே அதிகாரத்தில் இருக்கிறது. 'கண்ணின்று கண்ணறச் சொல்லினும் சொல்லற்க முன்னின்று பின்நோக்காச் சொல்' என்னும் குறளில், நேரே நின்று கடுமையாகச் சொல்வதைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்ளும் வள்ளுவர், ஆள் இல்லாத இடத்தில் சொல்வதையே விலக்குகிறார். 'புறம்' என்னும் சொல்லின் முழுச் சுமையும் அதில்தான் இருக்கிறது. 1873இல் வில்னாவில் 'ஹாஃபெத்ஸ் ஹயீம்' என்னும் நூலை வெளியிட்டு, அந்நூற்பெயராலேயே அழைக்கப்படும் ராடுன் ஊர் ரபி இஸ்ராயேல் மெயிர் ககானோ, அந்த ஆளை எதிரே வைத்துக்கொண்டு சொன்னாலும் லஷோன் ஹரா லஷோன் ஹராவே என்கிறார். ஆகவே 'புறங்கூறல்' என்று எழுதினால், முகத்துக்கு நேரே சொன்னால் குற்றமில்லை என்று மாணவர் எடுத்துக்கொள்வர்; இது பிழையான பாடம்.

– க.

*

அன்பர்களே,

'அவதூறு' என்னும் சொல்லைப் பொய்க்கு மட்டும் ஒதுக்கியதில் எனக்கு உடன்பாடில்லை. நம் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவும், அதன் இடத்தில் 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவும், உண்மை என்பதை மட்டுமே விலக்காக ஏற்பதில்லை. சொன்னது உண்மையாகவும் பொதுநலம் வேண்டியதாகவும் இருக்க வேண்டும். குறையைச் சொல்ல இடம் தருவதற்கு ககான் கூறும் ஏழு நிபந்தனைகளும் இதையொட்டியவை என்றே தோன்றுகிறது. கூட்டு வணிகத்தில் இறங்கப்போகிறவரையும் பெண் கொடுக்கப்போகிறவரையும் எச்சரிப்பதற்காகச் சொல்லலாம். ஆனால் தானே நேரில் அறிந்திருக்க வேண்டும், மிகைப்படுத்தக் கூடாது, பகை காரணமாக இருக்கக் கூடாது. எனவே அவதூறு என்பதையே 'மெய் அவதூறு', 'பொய் அவதூறு' என இரண்டாகப் பிரித்தால் போதுமே.

– வழக்கறிஞர் ந.

*

மேலுள்ள மடலை மறுக்கிறேன். 'மெய் அவதூறு' என்பதைக் கேட்கும் எந்தத் தமிழரும் 'உண்மையிலேயே அவதூறுதான்' என்றே பொருள் கொள்வார். சென்ற ஆண்டு இக்குழுமத்தில் 'மெய்நிகர்' என்னும் சொல்லைப் பற்றி இதே அன்பர் பொருந்தாத சொற்பிறப்பு ஒன்றைச் சொல்லி, பிறகு அதைத் திரும்பப் பெற்றதையும் நினைவூட்டுகிறேன்.

நான் முன்மொழிவது 'அலர்'. மொட்டு நிலையில் முணுமுணுக்கப்படுவது அம்பல். மலர்ந்து ஊரறியப் பேசப்படுவது அலர். இரண்டும் பொய்யல்ல, நடந்ததைப் பற்றிய பேச்சு. உண்மையைப் பேசும் பழிக்குச் சங்கத் தமிழ் முன்பே சொல் வைத்திருக்கிறது.

– சே.

*

சே. அவர்களின் மடலில் மூன்றாம் வாக்கியம் நமக்கு நல்ல சோதனைக் கூடமாக அமைந்துவிட்டது; நன்றி. அவர் சொன்னது உண்மை, ஆகவே க. அவர்களின் பகுப்பின்படி அவதூறு அன்று. நான் இருக்கும் குழுமத்திலேயே சொன்னார், ஆகவே புறங்கூறல் அன்று. எவரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை, ஆகவே கோளும் அன்று. ஆயினும் என்னைக் குறைத்துக் காட்டியதைத் தவிர அதனால் வேறு பயன் எதுவும் இல்லை. நமக்குச் சொல் இல்லாத இடம் எது என்று இப்போது புரிந்துகொண்டேன். என் முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன், மறுபடியும்.

– வழக்கறிஞர் ந.

*

வழக்கறிஞர் பொறுத்தருள்க. ஆனாலும் அலரை விடமாட்டேன்.

– சே.

*

அலரை விட்டாக வேண்டும், தம்பி. 'அலரெழ ஆருயிர் நிற்கும்' என்று வள்ளுவர் காமத்துப்பாலில் பாடுகிறார். ஊர்ப்பேச்சு காதலர்க்கு உயிர் தருகிறது. ரபிமார் விவாதங்களின் தொகுப்பான தல்மூதின் அராகின் பகுதியோ, லஷோன் ஹரா சொன்னவன், கேட்டவன், சொல்லப்பட்டவன் என மூவரைக் கொல்லும் என்கிறது. உயிர் கொடுக்கும் சொல்லைக் கொண்டுபோய் மூவரைக் கொல்லும் இடத்தில் வைப்பது தகாது.

கோளைப் பற்றியும் ஒரு சொல். தமிழ் விவிலியத்தில் லேவியராகமம் 19:16 'உன் ஜனங்களுக்குள்ளே அங்குமிங்கும் கோள்சொல்லித் திரியாயாக' என்று வருகிறது. 'கொள்' என்னும் வினையடியிலிருந்து கோள். ஓரிடத்தில் கொண்டு வேறிடத்தில் கொடுப்பது. எபிரேயத்தில் இவ்விடத்துச் சொல்லோடு, ஊர் ஊராகச் சரக்கு விற்கும் வணிகனைக் குறிக்கும் 'ரோகேல்' என்னும் சொல்லைச் சேர்த்துப் பார்ப்பர். கொள்வதும் விற்பதும் இரு மொழியிலும் இப்படி எதிரெதிரே நிற்பதைத் தற்செயல் என்று என்னால் எண்ண இயலவில்லை.

– புலவர் இரா.

*

தற்செயல்தான், ஐயா. தோரா உரையாசிரியர் ராஷி அச்சொல்லை வேவு பார்ப்பதைக் குறிக்கும் சொல்லோடு சேர்க்கிறார்; வணிகனின் பெயரையும் அதிலிருந்தே பெறுகிறார். ஆனால் உங்கள் வணிகன் வேறொரு கதையில் வருகிறான். லேவியராகமத்துக்கு ரபிமார் தந்த விளக்கங்களின் தொகுப்பான மித்ராஷில், செப்போரிஸ் நகருக்கு அருகேயுள்ள ஊர்களில் ஒரு வணிகன் 'உயிர் மருந்து வாங்குவார் யார்?' என்று கூவிச் செல்கிறான். ரபி யன்னாய் அழைத்துக் கேட்டபோது அவன் எடுத்துக் காட்டியது சங்கீதம் 34: 'உன் நாவைப் பொல்லாப்புக்கும், உன் உதடுகளைக் கபடான வசனிப்புக்கும் விலக்கிக் காத்துக்கொள்.' ககானுடைய நூற்பெயரும் இச்சங்கீதத்தில் 'ஜீவனை விரும்புகிறவன்' என வரும் தொடரே.

இந்த நாவையே பிடித்துக்கொண்டால் 'தீநா' என்று ஆக்கலாம். எபிரேயத்தில் நாக்கைக் குறிக்கும் 'லஷோன்' பெரும்பாலும் பெண்பாற்சொல். 'தீய நாக்கு' என்று அடையாக வந்தால் 'ராஅ' எனப் பெண்பால் ஈறு பெற்றிருக்க வேண்டும். 'ஹரா' என நிற்பதால் இது நம் ஆறாம் வேற்றுமைத் தொகையை ஒத்தது: தீமையது நா. ஆயினும் தமிழில் 'தீநா' பண்புத்தொகையாக நின்றாலும் கேடில்லை. 'நாத்தீமை' என்றும் எண்ணிப் பார்த்தேன். வீட்டில் படித்துக் காட்டியபோது நாத்தனாரைப் பற்றிய நூலா என்று கேட்டார்கள்.

– பே.

*

'தீநா' என்றால் தீயின் நாக்கு என்றுதான் மாணவர்க்குப் படும். அதோடு நா ஓர் உறுப்பு, குற்றமோ ஒரு செயல். உறுப்பின் பெயரைச் செயலுக்கு இட்டால் அதிலிருந்து வினை பிறக்காது. 'அவர் தீநா பேசினார்' என்று யார் எழுதுவார்? நாள்தோறும் வகுப்பெடுப்பவள் என்னும் முறையில் சொல்கிறேன், 'மெய்ப்பழி' என்பதே விளங்கும்.

– து.

*

'மெய்' உடம்பையும் குறிக்கும். தோல்நோயைப் பற்றிய இயலில் 'மெய்ப்பழி' என்றால் நோயையே சுட்டுவதாக ஆகிவிடும். மேலும் 'வாய்மை எனப்படுவது யாதெனின் யாதொன்றும் தீமை இலாத சொலல்' என்ற பிறகு, தீமை தரும் சொல்லை மெய் என்று அழைப்பதையே வள்ளுவர் ஒப்பமாட்டார். தோராவிலும் இதற்கு ஒப்பான இடம் உண்டு. 'என் ஆண்டவனும் முதிர்வயதுள்ளவர்' என்று தன் கணவர் ஆபிரகாமைக் குறித்துச் சாராள் நகைத்ததை, இறைவன் ஆபிரகாமிடம் சொல்லும்போது, சாராள் தன் முதுமையையே சொன்னதாக மாற்றிச் சொல்கிறார். இல்லற அமைதிக்காகச் சொல் மாறலாம் என்று ரபிமார் அவ்விடத்திலிருந்து பெறுகின்றனர்.

'நாவினாற் சுட்ட வடு' ஆறாது என்று படித்த மாணவர்க்குத் தீயும் நாவும் சேர்ந்து நிற்பதில் என்ன இடர்? 'தீநா'வுக்கு என் ஒப்புதல்.

– புலவர் இரா.

*

அன்புடையீர்,

வெள்ளி வந்துவிட்டது. நால்வர் 'தீநா' என்கிறீர்கள், அவர்களில் இருவர் அயர்ச்சியால் ஒப்பியதாகத் தனிமடலில் தெரிவித்தனர். முதலிடத்தில் 'லஷோன் ஹரா' என்று எழுதி விளக்கம் தந்து, பின்னர் 'தீநா' என்றும், செயலைச் சொல்லும் இடங்களில் 'தீநாப் பேச்சு' என்றும் எழுதிவிட்டேன். 'அவாக் லஷோன் ஹரா' என்பதைத் 'தீநாத் துகள்' ஆக்கினேன். நேரே பழிக்காமல் பழிக்கு வழி திறந்துவிடும் பேச்சு அது. தல்மூது தரும் எடுத்துக்காட்டு: 'நெருப்பு எங்கே கிடைக்கும்?' என்று கேட்டால், 'இன்னார் வீட்டில் கிடைக்கும், அங்கேதான் எந்நேரமும் இறைச்சியும் மீனும் வேகின்றனவே' என்று சொல்வது.

அந்தத் தோல்நோயைக் 'குஷ்டரோகம்' என்று தமிழ் விவிலியம் எழுதுவதை மாற்றவேண்டுமா என்பது அடுத்த சிக்கல். துணியிலும் வீட்டுச் சுவரிலும் தோன்றும் ஒன்றைக் குஷ்டம் என்று எப்படி எழுதுவது? அதைத் தனி இழையில் கேட்கிறேன்.

– க.

*

முடிவை மதிக்கிறேன், ஏற்கவில்லை. நேற்று வகுப்பில் 'தீநா' என்று கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டேன். ஏழு பேரில் ஐவர், வாயிலிருந்து நெருப்பைக் கக்கும் விலங்கு என்றனர்.

– து.